நரம்புச் செல்லிலிருந்து வெளிவரும் வைட்டமின் சி: மூளைக்குள் அதன் பயணமும் பணியும்

நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் இரத்தப் பிளாஸ்மாவில் வைட்டமின் சி லிட்டருக்கு 40 முதல் 80 மைக்ரோமோல் வரை இருக்கும். அதே மனிதரின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில் அது இரண்டு முதல் நான்கு மடங்காக உயர்கிறது. நரம்புச் செல்லுக்குள் அது ஏறத்தாழ 10 மில்லிமோலை, அதாவது 10,000 மைக்ரோமோலை எட்டுகிறது. இரத்தத்தில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட செறிவு இது. அட்ரினல், பிட்யூட்டரி போன்ற சில சுரப்பிகளை விட்டுவிட்டால், உடலின் வேறு எந்த உறுப்பும் இந்த வைட்டமினை இவ்வளவு சேர்த்து வைத்துக்கொள்வதில்லை.

இத்தனை சேமிப்பு எதற்கு என்ற கேள்விக்கு, மூளையைக் காக்கும் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பொருள் அது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். அந்தப் பதில் தவறில்லை, ஆனால் போதாது. மூளையில் வைட்டமின் சி ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும் இருப்பு அல்ல. நரம்புகள் வேலை செய்யும்போது அது செல்லுக்குள்ளிருந்து வெளியே வருகிறது, வேலை தணிந்ததும் மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது, இடையில் பல நொதிகளுக்கு எலக்ட்ரான் வழங்குகிறது. மொத்த அளவை மட்டும் பார்த்தால் இந்த அசைவு கண்ணில் படாது. மூளை நோய்களில் இந்த வைட்டமினின் பங்கைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எப்போது எங்கிருந்து எங்கே செல்கிறது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

பெரும்பாலான பாலூட்டிகள் குளுக்கோஸிலிருந்து கல்லீரலில் வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியை நடத்தும் குளோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ் என்ற நொதிக்குரிய மரபணு, மனிதர்களுக்கும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையிடம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்துபோயிற்று. கினிப்பன்றியும் சில வௌவால் இனங்களும் இதே நிலையில் உள்ளன. ஆகவே நம் உடலில் உள்ள வைட்டமின் சி அனைத்தும் உணவிலிருந்து வந்ததே. வளர்ந்த ஒருவரின் மொத்த இருப்பு ஏறத்தாழ ஒன்றரை கிராம். அது 300 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது ஸ்கர்வி என்ற வைட்டமின் சி பற்றாக்குறை நோயின் அறிகுறிகள் தோன்றுகின்றன. இந்தப் பற்றாக்குறைக் காலத்தில் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. கினிப்பன்றிகளுக்கு வைட்டமின் சியை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், கல்லீரல் போன்ற உறுப்புகள் தம் இருப்பை ஏறக்குறைய முழுவதுமாக இழந்த பிறகும், மூளை தன் வழக்கமான அளவில் கால் பங்கையாவது பிடித்து வைத்திருந்தது. இவ்வளவு விடாப்பிடியாக ஒரு பொருளைத் தக்கவைக்கும் உறுப்பில், அதற்கென்றே தனி வாயில்களும் தனி வழிகளும் இருந்தாக வேண்டும்.

அந்த வழி சற்றுச் சுற்று வழி. மூளையின் நுண்குழாய்களின் உட்சுவரை அமைக்கும் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருப்பதால், இரத்தத்தில் உள்ள அஸ்கார்பேட், அதாவது எலக்ட்ரான் வழங்கத் தயாராக இருக்கும் வைட்டமின் சி, அச்சுவரைத் தாண்ட முடிவதில்லை. அதைச் சுமந்து செல்லும் கடத்திப் புரதமும் அந்தச் சுவரில் இல்லை. மூளையின் அறைகளுக்குள் தொங்கும் கோராய்டு பின்னல் என்ற இரத்தக்குழாய்த் திரளில்தான் அந்தக் கடத்தி இருக்கிறது. எஸ்.வி.சி.டி.2 என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம், சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாயும் விசையைப் பயன்படுத்தி, செறிவு குறைந்த இரத்தத்திலிருந்து செறிவு மிகுந்த மூளைத் திரவத்துக்கு அஸ்கார்பேட்டை ஏற்றுகிறது. அங்கிருந்து அது மூளைத் திசுவுக்குள் பரவ, நரம்புச் செல்களின் சவ்வில் உள்ள அதே வகைக் கடத்தி அதை இரண்டாம் முறையாக ஏற்றிச் செல்லுக்குள் சேர்க்கிறது. இரத்தத்துக்கும் நரம்புச் செல்லுக்கும் இடையிலுள்ள நூறு மடங்கு வேறுபாடு இப்படி இரண்டு படிகளில் எட்டப்படுகிறது. இன்னொரு பக்க வழியும் உண்டு. எலக்ட்ரான்களை இழந்த வடிவமான டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலம் குளுக்கோஸைப் போன்ற உருவம் கொண்டிருப்பதால், குளுக்கோஸ் நுழையும் குளூட்-1 கடத்தி வழியாக இரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டிவிடும் என்று 1997இல் எலிகளிடம் காட்டப்பட்டது. ஆனால் ஆரோக்கியமான இரத்தத்தில் அந்த வடிவம் மிகக் குறைவு. கிடைப்பதும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆகவே சாதாரண நாட்களில் கோராய்டு பின்னலே தலைவாசல்.

இந்தக் கடத்தி எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2002இல் வெளியான ஒரு பரிசோதனை உணர்த்தியது. எஸ்.வி.சி.டி.2 மரபணுவை நீக்கிய சுண்டெலிக் குட்டிகள் பிறந்த சில நிமிடங்களிலேயே இறந்தன. சுண்டெலி தன் வைட்டமினைத் தானே தயாரிக்கும் விலங்கு; தாயின் உடலில் எந்தக் குறையும் இல்லை. இருந்தும் அக்குட்டிகளின் மூளையில் அஸ்கார்பேட் கண்டறியும் அளவில்கூட இல்லை. அவற்றின் நுரையீரல்கள் விரியவில்லை. மூளைத் திசுவுக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. இரத்தக்குழாய்ச் சுவரைத் தாங்கும் கொலாஜன் இழைகள் உறுதிபெற வைட்டமின் சி தேவை என்பதால் அந்தக் கசிவை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். பரிசோதனை நிலைநாட்டிய செய்தி என்னவென்றால், உடலில் வைட்டமின் இருப்பதும் மூளைக்கு அது சென்று சேர்வதும் தனித்தனி விஷயங்கள் என்பதே.

வைட்டமின் சி மூளையில் வெளியிடப்படுகிறது என்ற செய்தி, வேறொன்றைத் தேடியபோது கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்வேதியியலாளராக இருந்த ரால்ஃப் ஆடம்ஸ், டோபமைன் போன்ற நரம்புச் செய்திப்பொருட்களை உயிருள்ள விலங்கின் மூளையிலேயே அளக்க விரும்பினார். அவர் முறை எளிமையானது. கார்பன் பசை அடைத்த மெல்லிய மின்முனையை எலியின் மூளைக்குள் இறக்கி, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில் டோபமைன் மூலக்கூறுகள் தம் எலக்ட்ரான்களை மின்முனையிடம் இழக்கும். அப்போது தோன்றும் மின்னோட்டத்தின் உயரம் டோபமைனின் அளவைச் சொல்லும். 1973இல் அவருடைய குழு அத்தகைய பதிவை வெளியிட்டது. வரைபடத்தில் முகடு அழகாகத் தெரிந்தது. ஆனால் அந்த முகட்டில் பெரும்பங்கு டோபமைனுடையது அல்ல, அஸ்கார்பேட்டினுடையது. இரண்டும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன; செல்களுக்கு இடைப்பட்ட திரவத்தில் அஸ்கார்பேட்டோ டோபமைனைவிடப் பல ஆயிரம் மடங்கு மிகுதி.

அடுத்த பத்தாண்டுகள் இந்த இரண்டையும் பிரித்தறிவதிலேயே கழிந்தன என்று சொல்லலாம். பிரான்ஸின் லியோன் நகரில் பிரான்சுவா கோனோன் குழுவினர் கார்பன் இழை மின்முனையை மின்னோட்டத்தால் பதப்படுத்தினால் இரண்டு முகடுகளும் தனித்தனியே விலகி நிற்கும் என்று கண்டனர். வேறு சிலர் எதிர்மின்சுமை கொண்ட நாஃபியான் என்ற பாலிமரை மின்முனையின் மேல் பூசி, அதே மின்சுமை கொண்ட அஸ்கார்பேட்டை விலக்கி நிறுத்தினர். பூசணிக் குடும்பத்துக் காய்களிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அஸ்கார்பேட் ஆக்ஸிடேஸ் நொதியை மூளையில் அந்த இடத்திலேயே சிறிது செலுத்தியபோது, சந்தேகத்துக்குரிய முகடு மறைந்தது. அது வைட்டமின் சிதான் என்பதற்கு அதைவிட நேரான சான்று தேவைப்படவில்லை. டோபமைனைத் தேடியவர்களுக்கு இது அகற்ற வேண்டிய இடையூறு. அந்த இடையூற்றையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டில் மரியான் ஃபில்லென்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கட்டிப்போடாத, கூண்டுக்குள் இயல்பாக நடமாடும் எலிகளின் மூளையில் மின்முனையை நாட்கணக்கில் பொருத்தி வைத்து அஸ்கார்பேட்டைத் தொடர்ந்து பதிவு செய்தனர். இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் அதன் அளவு ஒரு நிலையில் நிற்கவில்லை. எலி உறங்கும் பகலில் தாழ்ந்தும், ஓடியாடும் இரவில் உயர்ந்தும் இருந்தது. எலியைத் தொந்தரவு செய்து விழிக்க வைத்தால் உடனே உயர்ந்தது. ஸ்ட்ரையேட்டத்துக்கு மூளைப் புறணியிலிருந்து வரும் நரம்பிழைகள் குளூட்டமேட் என்ற தூண்டும் செய்திப்பொருளைப் பயன்படுத்துபவை. அந்த இழைகளைத் துண்டித்தபோது அஸ்கார்பேட்டின் ஏற்றமும் அடங்கியது. 1984இல் இக்குழு துணிவான ஒரு முடிவுக்கு வந்தது: செல்களுக்கு வெளியே அஸ்கார்பேட் உயர்வதை, அவ்விடத்தில் குளூட்டமேட் வெளியாகிறது என்பதன் அளவீடாகவே கொள்ளலாம்.

ஒரு வைட்டமினும் ஒரு செய்திப்பொருளும் ஏன் இப்படிச் சேர்ந்தே நடக்கின்றன? நரம்பு முனை குளூட்டமேட்டை வெளியிட்டதும், அது அங்கேயே தேங்கி நின்றால் அண்டைச் செல்களை அளவுக்கு மேல் தூண்டிக் கொன்றுவிடும். ஆகவே சுற்றியுள்ள செல்கள், முக்கியமாக ஆஸ்ட்ரோசைட் எனப்படும் நட்சத்திர வடிவத் துணைச் செல்கள், அதை விரைந்து உள்ளிழுக்கின்றன. அவ்வாறு குளூட்டமேட் உள்ளே போகும்போது அஸ்கார்பேட் வெளியே வருகிறது. இதைப் பண்டமாற்று என்றே சொல்லலாம். நரம்பு முனைகளைத் தனியாகப் பிரித்தெடுத்துக் குளூட்டமேட்டில் வைத்தால் அவை அஸ்கார்பேட்டை வெளிவிடுகின்றன. குளூட்டமேட்டை உள்ளிழுக்கும் கடத்தியை மருந்தால் தடுத்தால் அஸ்கார்பேட் வெளியேறுவதும் குறைகிறது.

ஆனால் இந்த மாற்று ஒரே கதவின் வழியாக நடப்பதாகத் தெரியவில்லை. குளூட்டமேட் கடத்தி ஒவ்வொரு குளூட்டமேட் மூலக்கூறோடும் சோடியம் அயனிகளையும் உள்ளே கொண்டுவருகிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் நுழைவதால் ஆஸ்ட்ரோசைட் சற்று வீங்குகிறது. வீக்கத்தை உணர்ந்து திறக்கும் அயனி வாய்க்கால்கள் அதன் சவ்வில் உள்ளன. அவை திறந்ததும் எதிர்மின்சுமை கொண்ட சிறிய மூலக்கூறுகள் வெளியே கசிந்து, செல் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. உடலின் இயல்பான அமிலத்தன்மையில் வைட்டமின் சியும் எதிர்மின்சுமை கொண்ட அயனிதான்; அதுவும் அந்த வாய்க்கால் வழியே வெளியேறுகிறது. இந்த வாய்க்காலின் புரதக் கூறான எல்.ஆர்.ஆர்.சி.8ஏ 2014இல்தான் அடையாளம் காணப்பட்டது. நார் அட்ரினலின் போன்ற செய்திப்பொருட்களைச் சிறு பைகளில் அடைத்து வைக்கும் செல்களில் மூன்றாவது வழியும் இருக்கிறது: பை சவ்வோடு இணைந்து வெடிக்கும்போது, உள்ளே இருந்த அஸ்கார்பேட்டும் செய்திப்பொருளோடு சேர்ந்தே கொட்டப்படுகிறது. அட்ரினல் சுரப்பியின் செல்களில் இது நன்கு காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களிடமும் அட்ரினல் சுரப்பி வைட்டமின் சியை வெளியிடுவது 2007இல் நேரடியாக அளக்கப்பட்டது. பிட்யூட்டரியின் தூண்டு ஹார்மோனைச் செலுத்திய சில நிமிடங்களில், அட்ரினல் சிரையின் இரத்தத்தில் வைட்டமின் சி நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 1928இல் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி இந்த வேதிப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் அட்ரினல் சுரப்பியிலிருந்துதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்த அஸ்கார்பேட் அங்கே என்ன செய்கிறது என்பதே இந்தக் கதையின் செழுமையான பகுதி. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நரம்புச் செல் தூண்டப்படும்போதெல்லாம் அதன் மைட்டோகாண்ட்ரியாக்களின் உழைப்பு கூடி, கட்டுக்கடங்காத வினைத்திறன் கொண்ட ஆக்ஸிஜன் துணைப்பொருட்களும் உண்டாகின்றன. அஸ்கார்பேட் அவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அடக்குகிறது. சவ்வுக் கொழுப்பைக் காத்து எலக்ட்ரானை இழந்த வைட்டமின் ஈ-யையும் பழைய நிலைக்கு மீட்கிறது. ஆபத்து மிகும் இடத்தில், ஆபத்து மிகும் நேரத்தில், அந்த ஆபத்தைக் கொண்டுவரும் குளூட்டமேட்டின் அசைவாலேயே காப்புப் பொருள் வரவழைக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் நேர்த்தி என்னை எப்போதும் வியக்க வைப்பது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் ரைஸ் இதே காரணத்துக்காக நன்னீர் ஆமைகளை ஆராய்ந்தார். நீருக்கடியில் நெடுநேரம் மூச்சில்லாமல் இருந்துவிட்டு மேலே வரும் ஆமையின் மூளைக்குத் திடீரென்று ஆக்ஸிஜன் பாயும்; அந்தக் கணமே திசுவுக்கு மிகவும் ஆபத்தானது. ஆமையின் மூளையில் அஸ்கார்பேட் எலியின் மூளையைவிடக் கணிசமாக மிகுதியாக இருந்தது. மூளையின் எந்தச் செல்லில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்கிட்டதும் அவருடைய ஆய்வே: நரம்புச் செல்லில் ஏறத்தாழ 10 மில்லிமோல், ஆஸ்ட்ரோசைட் முதலான கிளியா செல்களில் ஏறத்தாழ 1 மில்லிமோல்.

காப்போடு பணி முடிந்துவிடவில்லை. குளூட்டமேட்டை உணரும் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் இயக்கத்தை அஸ்கார்பேட் தணிக்கிறது என்று செல் வளர்ப்புப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. சிலி நாட்டின் வால்டிவியா நகரில் மைதே காஸ்ட்ரோவின் குழு கண்டறிந்தது இன்னும் நுட்பமானது. அஸ்கார்பேட் நரம்புச் செல்லுக்குள் நுழைந்ததும், அச்செல் குளுக்கோஸை உள்ளிழுப்பது குறைகிறது. ஆஸ்ட்ரோசைட்டுகள் தயாரித்துத் தரும் லாக்டேட்டை எரிபொருளாக ஏற்பது கூடுகிறது. ஆஸ்ட்ரோசைட்டின் சொந்தக் குளுக்கோஸ் நுழைவை அது பாதிப்பதில்லை. அதாவது ஆஸ்ட்ரோசைட் வெளியிட்டு நரம்புச் செல் உள்ளிழுக்கும் அஸ்கார்பேட், எரிபொருளை மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஓர் அறிவிப்பாகவும் அமைகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

எலக்ட்ரானை இழந்த அஸ்கார்பேட் வீணாகப் போவதில்லை. அவ்வாறு உண்டாகும் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலத்தை ஆஸ்ட்ரோசைட்டுகள் குளுக்கோஸ் கடத்தி வழியாக உள்ளிழுத்து, குளூட்டாதயோன் என்ற செல் மூலக்கூறின் துணையுடன் எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி அஸ்கார்பேட்டாக்கி வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை குளூட்டமேட் வரும்போது அது மீண்டும் வெளியே போகும். உணவில் வைட்டமின் குறைந்த வாரங்களிலும் மூளை தன் இருப்பைத் தாக்குப்பிடிக்க இந்த மறுசுழற்சி பெருமளவு உதவுகிறது.

செல்லுக்குள் அஸ்கார்பேட்டின் நெடுநாள் அறியப்பட்ட வேலை, டோபமைனை நார் அட்ரினலினாக மாற்றுவதில் இருக்கிறது. செய்திப்பொருள் அடைக்கப்பட்ட சிறு பைக்குள் இருக்கும் டோபமைன் பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற செம்பு நொதி, ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறையும் மாற்ற இரண்டு எலக்ட்ரான்களைக் கேட்கிறது. இரண்டு அஸ்கார்பேட் மூலக்கூறுகள் ஆளுக்கொன்றாகக் கொடுக்கின்றன. பைக்குள் உள்ள அஸ்கார்பேட் கொடுத்துக்கொண்டே இருந்தால் விரைவில் தீர்ந்துவிடும் அல்லவா? தீர்வதில்லை. பையின் சவ்வில் பதிந்திருக்கும் சைட்டோகுரோம் பி561 என்ற புரதம், வெளியே உள்ள அஸ்கார்பேட்டிடமிருந்து எலக்ட்ரானை மட்டும் வாங்கிச் சவ்வின் ஊடாக உள்ளே கடத்துகிறது. உள்ளே எலக்ட்ரானை இழந்து நிற்கும் மூலக்கூறு அதைப் பெற்றுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வைட்டமின் மூலக்கூறு இடம் பெயரவே தேவையில்லை. ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின், சப்ஸ்டன்ஸ் பி போன்ற நரம்புப் பெப்டைடுகள் முழு வீரியம் பெறுவதற்கு அவற்றின் வால் முனையில் ஓர் அமைடு தொகுதி அமைய வேண்டும். அதைச் செய்யும் செம்பு நொதிக்கும் எலக்ட்ரான் வழங்குவது அஸ்கார்பேட்தான்.

வெளியீடு சீர்குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹன்டிங்டன் நோய் நல்ல சான்று. ஒற்றை மரபணுக் கோளாறால் நடுவயதில் தொடங்கி, கட்டுப்படாத அசைவுகளையும் அறிவு மங்கலையும் உண்டாக்கும் இந்நோயில் முதலில் சிதைவது ஸ்ட்ரையேட்டம். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரெபெக் குழு, அம்மரபணுவைப் புகுத்திய சுண்டெலிகளில் அஸ்கார்பேட்டை அளந்து 2002இல் ஒரு முரணைக் கண்டது: நலமான சுண்டெலி ஓடியாடும்போது ஸ்ட்ரையேட்டத்தில் அஸ்கார்பேட் உயர, நோயுற்ற சுண்டெலியிடம் அது தாழ்ந்தது. இவையும் தம் கல்லீரலில் வைட்டமினைத் தாராளமாகத் தயாரிக்கும் விலங்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும். குறை உணவிலும் இல்லை, உடலிலும் இல்லை. உழைக்கும் வேளையில் வெளியே வர வேண்டிய பொருள் வரவில்லை என்பதே குறை. அஸ்கார்பேட்டை ஊசி மூலம் செலுத்தி வெளித்திரவத்தில் அளவை உயர்த்தியபோது அவற்றின் அசைவுக் கோளாறுகள் சில தணிந்தன. அதைக்கொண்டு ஹன்டிங்டன் நோயாளிகளுக்கு வைட்டமின் மாத்திரை மருந்தாகும் என்று கூறிவிட முடியாது. அப்படி ஒரு சிகிச்சை நிறுவப்படவில்லை. ஆனால் நோயின் தன்மையைப் புரிந்துகொள்ள அந்த அளவீடு திறந்துவிட்ட பாதை பெரிது.

பக்கவாதத்தில் நிலைமை நேர்மாறு. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நின்றதும் சில நிமிடங்களில் செல்கள் தம் மின்னழுத்தத்தை இழக்கின்றன. சோடியமும் நீரும் புகுந்து அவை வீங்க, உள்ளே இருந்த அஸ்கார்பேட் பெருமளவில் வெளியே கொட்டுகிறது. பெய்ஜிங்கில் லான்குன் மாவோ குழுவினர் எலி மூளையில் இந்த வீக்கத்தை உண்டாக்கி, அப்போது வெளிவரும் அஸ்கார்பேட்டை நொடிக்கு நொடி அளந்து, வீக்கத்தை உணரும் வாய்க்கால்களே இதற்குப் பெரிதும் வழி என்று 2020இல் காட்டினர். அன்றாட வேலையில் காக்கும் அதே வாயில், சேத நேரத்தில் செல்லின் இருப்பைக் காலியாக்கிவிடுகிறது. இரத்தக் கசிவு ஏற்பட்ட மூளையில் இன்னொரு சிக்கலும் சேரும்: சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து விடுபடும் இரும்போடு அஸ்கார்பேட் சேர்ந்தால், ஹைட்ராக்ஸில் இயங்குறுப்புகள் எனப்படும், தீங்கு செய்யும் வினைத்திறன் மிகுந்த துணைப்பொருட்கள் உருவாகக்கூடும். எந்த நிலையிலும் எந்த அளவிலும் நன்மையே செய்யும் பொருள் என்று வைட்டமின் சியைக் கருதுவது பிழை.

பற்றாக்குறை மனத்தைத் தொடும் என்பது கடலோடிகள் காலத்திலேயே தெரிந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் ட்ராட்டர், ஸ்கர்வி கண்ட மாலுமிகளிடம் தாங்க முடியாத வீட்டு ஏக்கமும், கரையையும் பசுமையையும் எண்ணி அழும் மனநிலையும் இருந்ததைப் பதிவு செய்தார். 1971இல் அமெரிக்காவில் வைட்டமின் சி நீக்கிய உணவை உண்ட தன்னார்வலர் ஐவரின் ஆளுமைச் சோதனைகளில் சோர்வும், உடல்நலம் பற்றிய அளவுமீறிய கவலையும் உயர்ந்திருந்தன. நார் அட்ரினலின் உற்பத்திக்கு அஸ்கார்பேட் தேவை என்பதை நினைத்தால் இது வியப்பளிக்காது. மான்ட்ரியாலின் ஒரு மருத்துவமனையில், வைட்டமின் குறைந்திருந்த உள்நோயாளிகளுக்கு நாளுக்கு இரண்டு வேளை 500 மில்லிகிராம் கொடுத்தபோது அவர்களின் மனநிலை சில நாட்களில் மேம்பட்டது. வைட்டமின் டி பெற்றவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. இவையெல்லாம் குறை இருந்தவர்களிடம் கிடைத்த பலன்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏனெனில் குறை இல்லாதவர் கூடுதலாக விழுங்குவதால் மூளையில் கூடுதலாகச் சேர்வதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின், ஏழு இளைஞர்களை மாதக்கணக்கில் தங்கவைத்து 30 முதல் 2,500 மில்லிகிராம் வரை படிப்படியாக அளவை உயர்த்திப் பார்த்தார். நாளுக்கு 200 மில்லிகிராமிலேயே பிளாஸ்மா அளவு உச்சத்தை நெருங்கிவிட்டது. அதற்கு மேல் குடல் உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றுகிறது. 1,250 மில்லிகிராம் விழுங்கினால் அதில் பாதிகூட உடலில் சேரவில்லை. கோராய்டு பின்னலின் கடத்தியும் தன் எல்லைக்கு உட்பட்டே ஏற்றும். அல்சைமர் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ, சி, லிபோயிக் அமிலம் மூன்றையும் பதினாறு வாரம் கொடுத்த ஓர் ஆய்வில், ஆக்ஸிஜனேற்றச் சேதத்தின் அடையாளம் ஒன்று மூளைத் திரவத்தில் குறைந்தது. நினைவாற்றல் மதிப்பெண்ணோ மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. 2012இல் வெளியான அந்த முடிவைப் படித்த பிறகும், மூளைக் கூர்மைக்கென்று அதிக வீரிய மாத்திரைகளை விளம்பரம் செய்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் ஆண்களுக்கு நாளுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் என்று பரிந்துரைத்தது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேலும், நெல்லிக்காயில் 250 மில்லிகிராம் அளவிலும் இருப்பதால், ஒரு நடுத்தரக் கொய்யா அன்றைய தேவையைத் தாண்டிவிடும். இருந்தும் நம் ஊர்களில் இந்தக் குறை அரிதானது அல்ல. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற ஆய்வு ஒன்று, வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் 60 வயதைத் தாண்டியவர்களின் இரத்தத்தைச் சோதித்து, வடக்கில் 73.9 சதவீதத்தினரும் தெற்கில் 45.7 சதவீதத்தினரும் வைட்டமின் சி பற்றாக்குறையில் இருப்பதாக 2011இல் தெரிவித்தது. மெலிந்த உடல், புகையிலைப் பழக்கம், விறகு போன்ற புகை எழுப்பும் அடுப்பு ஆகியவை இந்தக் குறையோடு சேர்ந்தே காணப்பட்டன. புகையின் ஆக்ஸிஜனேற்றப் பொருட்கள் உடலின் அஸ்கார்பேட்டை வேகமாகச் செலவழிப்பதால், அடுப்படியில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்குத் தேவை கூடுகிறது. தட்டில் வந்து விழுவதோ குறைகிறது.

முதியவர்களைவிடவும் என்னைக் கவலைப்பட வைப்பது கருவிலிருக்கும் குழந்தை. கோபன்ஹேகனில் பெர்னில்லே ட்வேடன்-நிபோர்க், யென்ஸ் லிக்கெஸ்ஃபெல்ட் ஆகியோரின் குழு, பிறந்த சில நாட்களிலிருந்து வைட்டமின் சி குறைந்த உணவில் வளர்ந்த கினிப்பன்றிக் குட்டிகளின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், நரம்புச் செல்கள் குறைந்திருந்ததையும், அவை இடத்தை நினைவில் வைக்கத் தடுமாறியதையும் 2009இல் காட்டியது. அந்தக் குட்டிகள் ஸ்கர்விக்கு ஆளாகவில்லை. வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழு, கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு வைட்டமினைக் குறைத்துப் பார்த்தது. பிறந்த பின் குட்டிகளுக்குப் போதிய அளவு கொடுத்தும் ஹிப்போகேம்பஸின் குறை சரியாகவில்லை. விலங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் நாமும் கினிப்பன்றியைப் போலவே இந்த வைட்டமினுக்கு உணவை மட்டும் நம்பியிருப்பவர்கள். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இரும்பை அளக்கும் அதே கவனத்தோடு அஸ்கார்பேட்டையும் அளந்து பார்க்கும் ஆய்வுகள், புகை சூழ்ந்த அடுப்படிகள் இன்னும் மிஞ்சியிருக்கும் நம் மாவட்டங்களில் முதலில் தொடங்கப்பட வேண்டும்.